விசைப்படகு எஞ்சினின் புகைப்பாதை: துப்புரவும் சோதனையும்

நமது மாநிலத்தின் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலாக நீண்டு கிடக்கிறது. ஒரு காலத்தில் இக்கரை நெடுகிலும் துடுப்பும் பாயுமே மீன்பிடி தொழிலுக்குத் துணையாக இருந்தன. 1952-ஆம் ஆண்டில் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பயனாக, அண்டையிலுள்ள கேரளக் கரையில் நீண்டகரை என்னும் ஊரில் படகுகளுக்கு எஞ்சின் பொருத்தும் முயற்சி தொடங்கிற்று. நமது கரையிலும் அடுத்து வந்த ஆண்டுகளில் விசைப்படகுகள் பெருகின. இன்று பெரிய விசைப்படகிலும் சிறிய வள்ளத்திலும் எஞ்சினின் ஓசையைக் கேட்கிறோம்.

எஞ்சின் வந்ததனால் உழைப்பின் பளு குறைந்தது, தொலைவும் சுருங்கிற்று. ஆனால் துடுப்புக்கு வேண்டாத பராமரிப்பு எஞ்சினுக்கு வேண்டும் என்பதை நாம் மறந்துவிடலாகாது. எண்ணெயை மாற்றுகிறோம், டீசல் வடிகட்டியைக் கவனிக்கிறோம், சுழல்விசிறியைப் பார்க்கிறோம். புகை வெளியேறும் பாதையை மட்டும் பெரும்பாலோர் திரும்பிப் பார்ப்பதில்லை. "புகை போகிறது, போகட்டும்" என்று விட்டுவிடுகிறோம். கடன் வாங்கிப் போட்ட எஞ்சின் காலத்துக்கு முன்பே கெடுவதற்கும், நடுக்கடலில் படகு நின்றுவிடுவதற்கும், சில சமயங்களில் உயிருக்கே ஆபத்து நேருவதற்கும் இந்த அலட்சியம் காரணமாகிறது. ஆகையால், புகைப்பாதையை எவ்வாறு துப்புரவு செய்வது, எவ்வாறு சோதிப்பது என்பதை இங்கே முறையாகக் காண்போம். டீசல் பம்பு செட் வைத்திருக்கும் விவசாயிகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

புகைப்பாதையின் உறுப்புகள்

டீசல் எஞ்சினில் காற்று உள்ளே வருதல், அழுந்துதல், டீசல் எரிந்து பிஸ்டனைத் தள்ளுதல், எரிந்த புகை வெளியேறுதல் என நான்கு செயல்கள் மாறி மாறி நடைபெறுகின்றன. நான்காவது செயலின்போது வெளியேற்று வால்வு திறக்கிறது. புகை அதன் வழியாகச் சிலிண்டர் தலையிலுள்ள துவாரத்தைக் கடந்து, எல்லாச் சிலிண்டர்களின் புகையையும் ஒன்று சேர்க்கும் இரும்புக் குழாய்க்குள் புகுகிறது. இதனைத் தொழிலாளர் மேனிபோல்டு என்பர். அதனையடுத்து முழங்கை போல வளைந்த எல்போ, குழாய், சைலன்சர் ஆகியவை வருகின்றன. ஒவ்வோர் இணைப்பிலும் புகை கசியாதிருக்கக் கேஸ்கெட் வைக்கப்பட்டிருக்கும்.

படகுகளில் இரண்டு விதமான புகைப்பாதைகள் உண்டு. முதலாவது, உலர்ந்த பாதை. இதில் புகை குழாய் வழியே நேராக மேலே போய்க் கூரைக்கு மேல் வெளியேறும். நமது படகுகளில் பலவற்றில் இருப்பது இதுவே. இரண்டாவது, நீர் கலக்கும் பாதை. இதில் எஞ்சினைக் குளிர்வித்து வரும் கடல்நீர் எல்போவில் புகையோடு கலக்கப்படும். முழுச் சுமையில் ஓடும் டீசல் எஞ்சினின் புகை 400 முதல் 600 டிகிரி சென்டிகிரேடு வரை சூடாக இருக்கும். நீர் கலந்தவுடன் அச்சூடு தணிந்து, ரப்பர்க் குழாய் தாங்கக்கூடிய அளவுக்கு இறங்குகிறது. பின்பு நீரும் புகையும் சேர்ந்தே படகின் பின்புறமாக வெளியேறுகின்றன.

உலர்ந்த பாதையின் பகை வெப்பமும் துருவும். நீர் கலக்கும் பாதைக்கு இவற்றோடு உப்பும் பகையாகிறது. கடல்நீரில் ஆயிரத்தில் ஏறக்குறைய 35 பங்கு உப்பு இருக்கிறது. சூடான இரும்பில் அந்நீர் ஓயாது படும்போது, உள்ளே உப்பும் கரியும் சேர்ந்து இறுகிப் பாதை குறுகுகிறது. இரும்பும் உள்ளுக்குள்ளேயே அரிக்கப்படுகிறது. வெளியே வர்ணம் பளபளப்பாக இருக்கும். உள்ளே தகடு காகிதமாய் மெலிந்திருக்கும். டீசலிலுள்ள கந்தகமும் நீரோடு சேர்ந்து அமிலமாகி அரிப்பை வளர்க்கும். 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கப்படும் வாகன டீசலில் கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 10 பங்காகக் குறைக்கப்பட்டிருப்பது நல்லதே. ஆயினும் உப்பின் வேலை குறையவில்லை.

அடைப்பு ஏற்படுவது ஏன்?

டீசல் முழுமையாக எரிந்தால் கரி மிகக் குறைவாகவே உண்டாகும். முழுமையாக எரியாதபோதுதான் கரி பெருகுகிறது. இதற்குச் சில காரணங்கள் உண்டு. காற்று வடிகட்டி தூசியால் அடைந்திருக்கலாம். டீசலைத் தெளிக்கும் நாசில் தேய்ந்து, பனி போலத் தெளிக்காமல் துளி துளியாகச் சொட்டலாம். எஞ்சினின் சக்திக்கு மிஞ்சிய சுழல்விசிறியோ வலையோ பூட்டப்பட்டிருக்கலாம். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து மசகு எண்ணெய் மேலேறி எரியலாம். சுமையில்லாமல் எஞ்சினை நெடுநேரம் மெதுவாக ஓடவிடுவதும் ஒரு காரணமே. அப்போது எஞ்சின் போதிய சூடு பெறாமையால், எரியாத டீசலும் கரியும் சேர்ந்து தார் போல் குழாயினுள் படிகின்றன.

புகைப்பாதை குறுகினால் எஞ்சினுக்கு மூச்சு முட்டுகிறது. பழைய புகை முழுவதும் வெளியேறாமல் சிலிண்டருக்குள் தங்குவதால், புதிய காற்றுக்கு உள்ளே இடமில்லை. காற்றுக் குறைவதால் எரிதல் மேலும் கெடுகிறது. கரி மேலும் பெருகுகிறது. பாதை மேலும் அடைகிறது. இவ்வாறு ஒரு கேடு மற்றொரு கேட்டை வளர்க்கிறது. டீசல் கூடுதலாகச் செலவாகும், வேகம் குறையும், எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும், வெளியேற்று வால்வு கருகும். நாசிலையும் பம்பையும் மாற்றிப் பணத்தைச் செலவிட்ட பிறகு, குற்றம் எல்போவில் இருந்தது என்று கண்டுபிடிப்பதைக் கரையோரப் பட்டறைகளில் நாம் பார்த்திருக்கிறோம். அத்தகைய ஓர் எல்போவை அறுத்துப் பார்த்தபோது, கைப்பெருவிரல் நுழையவேண்டிய வழியில் ஒரு பென்சில் கூட நுழையவில்லை.

புகையின் நிறம் சொல்லும் செய்தி

நெருப்பில்லாமல் புகையாது என்பது பழமொழி. எஞ்சினைப் பொறுத்தவரை, எத்தகைய நெருப்பு என்பதையும் புகையே சொல்லிவிடும்.

கரும்புகை வந்தால், டீசலுக்குத் தக்க காற்று இல்லை என்று பொருள். காற்று வடிகட்டி, நாசில், அதிகச் சுமை, புகைப்பாதையின் அடைப்பு ஆகிய நான்கையும் பார்க்கவேண்டும். நீலப்புகை வந்தால் மசகு எண்ணெய் எரிகிறது; வளையங்களையும் வால்வுகளையும் பார்க்கவேண்டும். வெண்புகை இரு வகைப்படும். கண்ணை எரிக்கும் நெடியோடு நீரின் மேல் தவழ்ந்து நிற்குமானால் அது எரியாத டீசல். நெடியின்றி எழுந்து விரைவில் மறைந்துவிடுமானால் அது நீராவி. குளிர்ந்த காலையில் சிறிது நீராவி தோன்றுவது இயல்பே. எஞ்சின் சூடான பிறகும் ஆவி மிகுந்திருந்தால், நீர் கலக்கும் பாதையில் குளிர்நீர் போதவில்லை என்றோ, சிலிண்டருக்குள் நீர் கசிகிறது என்றோ ஐயுறவேண்டும்.

எப்போது செய்யவேண்டும்?

கீழைக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உள்ளது. மீன்வளம் பெருக விடப்படும் இக்காலமே எஞ்சினைக் கவனிப்பதற்கும் ஏற்ற காலமாகும். புகைப்பாதை முழுவதையும் கழற்றித் துப்புரவு செய்வதை இந்நாட்களில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் செய்யவேண்டும். தடையின் கடைசி வாரத்துக்கு ஒத்திப்போடலாகாது. பழுதான உறுப்புக்கு மாற்று வாங்க நாள் வேண்டுமல்லவா? இவையன்றி மாதம் ஒருமுறை இணைப்புகளைக் கண்ணால் பார்ப்பதும், ஒவ்வொரு முறை புறப்படும்போதும் புகையையும் வெளிவரும் நீரையும் கவனிப்பதும் வழக்கமாக வேண்டும்.

முன்னேற்பாடு

எஞ்சினை நிறுத்தி முற்றிலும் ஆறவிட வேண்டும். பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். கடல்நீர் உள்ளே வரும் வால்வை மூடி, எஞ்சினிலும் மேனிபோல்டிலும் உள்ள நீரை வடித்துவிட வேண்டும். எஞ்சின் அறையின் கதவுகளைத் திறந்து காற்றோட்டம் உண்டாக்க வேண்டும்.

வேண்டிய சாமான்கள் அதிகமில்லை. அளவான ஸ்பானர்கள், கம்பித் தூரிகை, பித்தளை அல்லது கட்டைச் சுரண்டி, சிறு சுத்தியல், நேரான இரும்புச் சட்டம், மண்ணெண்ணெய், சாக்குக்கட்டி, புதிய கேஸ்கெட்டுகள், கையுறை, கண்ணாடி, முகமூடி ஆகியவை போதும். கரித்தூளை மூச்சில் இழுப்பது தீங்கு. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-ஆம் ஆண்டில் அறிவித்திருக்கிறது. ஆகையால் முகமூடியை வீண் சிரமமென்று எண்ணவேண்டாம்.

பழைய படகுகளில் புகைக்குழாயின்மேல் கல்நார்க் கயிறு சுற்றியிருக்கக்கூடும். கல்நார்த் தூள் நுரையீரலை அழிப்பது. அதனை உலர்ந்த நிலையில் பிய்க்கலாகாது. பழக்கமுள்ளவரைக் கொண்டு, நீரால் நனைத்து எடுத்துக் கட்டி அகற்றவேண்டும். புதிதாகச் சுற்றுவதற்குக் கண்ணாடி இழை நாடா கிடைக்கிறது.

கழற்றும் முறை

கழற்றுவதற்கு முன் ஒவ்வோர் இணைப்பையும் வெளியிலிருந்து பார்க்கவேண்டும். இணைப்பின் ஓரத்தில் கறுத்த கோடு தெரிந்தால் அங்கே புகை கசிகிறது. வெள்ளை உப்பும் துருக்கறையும் வழிந்திருந்தால் அங்கே நீர் கசிகிறது. இவ்விடங்களைச் சாக்குக்கட்டியால் குறித்துக்கொள்ள வேண்டும். கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால், எந்த உறுப்பு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பதில் பின்னர் ஐயம் எழாது.

போல்ட்டுகளில் முதல்நாள் மாலையே துரு நெகிழ்த்தும் எண்ணெய் விட்டு வைப்பது நலம். சூட்டில் இறுகிய ஸ்டட்டைப் பலங்கொண்டு திருப்பினால் அது முறிந்துவிடும். முறிந்த ஸ்டட்டை எடுப்பது பெரும்பாடு. சிறிது நெகிழ்த்தி, சிறிது இறுக்கி, மீண்டும் நெகிழ்த்தி எடுக்கவேண்டும். சைலன்சர் முதலில், அடுத்துக் குழாயும் எல்போவும், கடைசியில் மேனிபோல்டு எனக் கடைக்கோடியிலிருந்து எஞ்சினை நோக்கி வருவதே முறை. மேனிபோல்டு கனமானது, கடைசிப் போல்ட்டை எடுக்குமுன் ஒருவர் தாங்கிக்கொள்ள வேண்டும். கழற்றியவுடன் சிலிண்டர் தலையின் துவாரங்களைத் தூய துணியால் அடைத்துவிட வேண்டும். ஒரு நட்டோ கரித்துண்டோ உள்ளே விழுந்தால் வால்வும் பிஸ்டனும் சேதமடையும்.

துப்புரவு

உலர்ந்த கரியைக் கட்டை அல்லது பித்தளைச் சுரண்டியால் எடுத்து, கம்பித் தூரிகையால் தேய்க்கவேண்டும். இணைப்பு முகங்களில் கூரிய உளியைப் பயன்படுத்தலாகாது. அங்கே விழும் ஒரு கீறலே நாளைக்குக் கசிவாகும். தார் போல் ஒட்டியதை மண்ணெண்ணெயில் ஓரிரவு ஊறவைத்தால் பெரும்பகுதி இளகிவிடும்.

அதற்கும் இளகாத கரி வார்ப்பிரும்பு உறுப்பில் இருந்தால், காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைக்கலாம். பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு சோடாவுக்கு மேல் வேண்டுவதில்லை. தண்ணீரில்தான் சோடாவைச் சிறிது சிறிதாகப் போடவேண்டும். சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினிய உறுப்பைக் காஸ்டிக் சோடாவில் ஒருபோதும் போடலாகாது. உலோகமே கரைந்து, தீப்பற்றும் வாயு எழும். கையுறையும் கண்ணாடியும் இன்றி இவ்வேலையில் இறங்கலாகாது. சிறுவர்களை அருகில் விடலாகாது. பின்பு நன்னீரில் பலமுறை கழுவவேண்டும்.

நீர்ப்பாதையில் இறுகிய உப்புக்கும் செதிலுக்கும் காஸ்டிக் சோடா பயன்படாது. இதற்குக் கடைகளில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்து ஊற்றி வைக்கலாம். நுரைப்பது நின்றபின் அகற்றி, சலவைச் சோடா நீரால் ஒருமுறையும் நன்னீரால் பலமுறையும் கழுவவேண்டும். காஸ்டிக் சோடாவையும் அமிலத்தையும் ஒன்றாகக் கலப்பது ஆபத்து. எல்போவில் நீர் கலக்கும் சிறு துவாரத்தைக் கம்பியால் குத்தி முழு அளவுக்குத் திறக்கவேண்டும்.

சிலர் கரி போகட்டும் என்று மேனிபோல்டை நெருப்பில் இட்டுச் சுடுவர். வார்ப்பிரும்பு இதனால் கோணிக்கொள்ளும் அல்லது வெடித்துவிடும். இப்பழக்கத்தை விட்டொழிக்க வேண்டும்.

சோதனை

துப்புரவின் முழுப் பயனும் சோதனையில்தான் இருக்கிறது. கரி நீங்கிய பிறகே உலோகத்தின் உண்மை நிலை தெரியும்.

முதலாவது, தட்டிப் பார்த்தல். உறுப்பைத் தொங்கவிட்டுச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டவேண்டும். பழுதற்ற வார்ப்பிரும்பு கணீரென்று ஒலிக்கும். வெடிப்புள்ளது உடைந்த பானை போல் ஒலிக்கும். எல்போவிலும் சைலன்சரிலும் ஆணியின் முனையால் பலவிடங்களில் அழுத்திப் பார்க்கவேண்டும். முனை உள்ளே இறங்கினால் உலோகம் மெலிந்துவிட்டது.

இரண்டாவது, வெடிப்பைக் காணுதல். உறுப்பின்மேல் மண்ணெண்ணெயைத் தடவிச் சிறிது நேரம் விட்டு, நன்றாகத் துடைத்து, சாக்குக்கட்டித் தூளைப் பூசவேண்டும். வெடிப்பினுள் புகுந்த மண்ணெண்ணெய் வெளிவந்து வெண்பூச்சில் கோடாகக் காட்டிவிடும். செலவில்லாத இச்சோதனை கண்ணுக்குத் தெரியாத வெடிப்பையும் காட்டவல்லது.

மூன்றாவது, நீர்ச்சோதனை. நீர் ஓடும் சுவருள்ள மேனிபோல்டிலும் எல்போவிலும் ஒரு வாயை அடைத்து, நீர்ப்பாதையை நிரப்பி, ஓரிரவு வைக்கவேண்டும். மறுநாள் புகைப்பாதையின் உட்புறம் ஈரமாக இருந்தால் நடுச்சுவர் துளைபட்டுவிட்டது. இத்தகைய உறுப்பை மீண்டும் பூட்டவே கூடாது. எஞ்சின் நின்றபின் அத்துளை வழியாக நீர் சிலிண்டருக்குள் இறங்கும். காற்றைப் போல் நீரை அழுத்த முடியாது. மறுநாள் ஸ்டார்ட் செய்தவுடன் பிஸ்டன் நீரின்மேல் மோதி, கனெக்டிங் ராடு வளையும். ஓர் எல்போவின் விலையை மிச்சம் பிடிக்கப்போய் எஞ்சினையே இழப்பதாகும் இது.

நான்காவது, இணைப்பு முகம். நேரான இரும்புச் சட்டத்தை முகத்தின்மேல் வைத்து, பின்னால் ஒரு விளக்கைப் பிடிக்கவேண்டும். இடையே ஒளி தெரிந்தால் முகம் கோணியுள்ளது. பட்டறையில் சீவித் தரச் சொல்லவேண்டும். கோணலை மறைக்க இரண்டு கேஸ்கெட் வைப்பது பயனற்றது.

ஐந்தாவது, ரப்பர்க் குழாய். கையால் அழுத்தினால் மென்மையாகத் துவண்டாலும், மடித்தால் வெடிப்புத் தெரிந்தாலும் மாற்றவேண்டும். உள்ளே விளக்கடித்துப் பார்ப்பதும் அவசியம். வெளித்தோல் நன்றாக இருக்க, உள்தோல் பிரிந்து தொங்கிப் பாதையை அடைப்பதுண்டு. பிடிப்பு வளையங்கள் துருப்பிடியாதனவாக இருக்கவேண்டும்.

ஆறாவது, வெளியேற்று வால்வு. மேனிபோல்டு கழன்றிருக்கும்போது துவாரத்தின் வழியே வால்வின் தண்டைக் காணலாம். எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் வால்வின் வழிகாட்டி தேய்ந்திருக்கலாம். வால்வின் இடைவெளியைக் கையேட்டில் கண்ட அளவுப்படி பில்லர் கேஜால் சரிபார்க்க வேண்டும்.

திரும்பப் பூட்டுதல்

பழைய கேஸ்கெட்டை இரண்டாம் முறை பயன்படுத்தலாகாது. ஸ்டட்டுகளின் மரையைத் தூய்மை செய்து, சூடு தாங்கும் செம்புப் பசையைச் சிறிது தடவினால் அடுத்த ஆண்டு எளிதாகக் கழலும். நட்டுகளை முதலில் கையால் முழுவதும் ஏற்றவேண்டும். பின்பு நடுவிலிருந்து தொடங்கி ஓரங்களை நோக்கி, எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் ஒரே சீராக இறுக்கவேண்டும். ஒரு பக்கத்தை முழுவதும் இறுக்கிவிட்டு மறுபக்கம் வந்தால் வார்ப்பிரும்பு உடையும்.

குழாயின் எடை மேனிபோல்டின்மேல் தொங்கலாகாது. தனித் தாங்கிகளில் நிற்கவேண்டும். எஞ்சின் அதிரும், படகு வேறு விதமாக அதிரும். இரண்டுக்கும் இடையே வளைந்துகொடுக்கும் குழாய் ஒன்று இருப்பது அவசியம். மரப்பலகை, டீசல் குழாய், மின்கம்பி ஆகியவற்றிலிருந்து புகைக்குழாய் விலகியிருக்கவேண்டும். நாள்தோறும் சூடுபட்டுக் காய்ந்த மரம் எளிதில் தீப்பற்றும். சுற்றிய நாடாவில் டீசலோ எண்ணெயோ ஊறியிருந்தால் அதனை மாற்றிவிட வேண்டும். அது விளக்குத் திரிக்குச் சமம்.

உலர்ந்த பாதையில் மழைநீர் புகாதபடி வாயில் மூடியோ வளைவோ வேண்டும். சைலன்சரின் அடியில் நீர் வடியும் துவாரம் அடைபடாமல் இருக்கவேண்டும். தடைக்காலத்தில் குழாயின் வாயை மூடி வைத்தால் மழையும் புகாது. குளவி கூடு கட்டுவதும் தவிரும். ஆனால் "மூடியிருக்கிறது" என்று எழுதிய அட்டை ஒன்றை ஸ்டார்ட் செய்யும் இடத்தில் கட்டிவைக்க மறக்கலாகாது.

ஓட்டிப் பார்த்தல்

முதலில் கடல்நீர் வால்வைத் திறந்திருக்கிறோமா என்று பார்க்கவேண்டும். ஸ்டார்ட் செய்தவுடன், குழாய்கள் சூடேறுமுன், இணைப்புகளில் சோப்பு நீரைத் தூரிகையால் தடவவேண்டும். குமிழி எழுந்தால் கசிவு உண்டு. பின்னர் நீர் கலக்கும் பாதையின் வாயில் நீர் விட்டு விட்டுச் சீராக வெளிவருகிறதா என்று கவனிக்கவேண்டும். நீர் வராவிட்டால் உடனே நிறுத்தவேண்டும். சில நிமிடங்களில் ரப்பர்க் குழாய் கருகிவிடும். அரைமணி ஓட்டி, ஆறவிட்டு, நட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்க்கவேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எஞ்சின் பிடிக்காமல் மீண்டும் மீண்டும் ஸ்டார்ட்டரைச் சுழற்றும்போது, பம்பு நீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனை வெளியே தள்ளப் புகை இராது. நீர் சேர்ந்து எஞ்சினை நோக்கித் திரும்பும். ஆகையால் நெடுநேரம் சுழற்றவேண்டியிருந்தால் கடல்நீர் வால்வை மூடிவிட்டு, எஞ்சின் பிடித்த கணத்திலேயே திறக்கவேண்டும். சிலிண்டருக்குள் நீர் புகுந்ததாக ஐயம் எழுந்தால் ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது. நாசில்களைக் கழற்றி, கையால் மெல்லச் சுற்றி நீரை வெளியேற்றி, எண்ணெயையும் மாற்றிய பிறகே ஓட்டவேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

இதுவரை கூறியவை எஞ்சினைப் பற்றியவை. இனி மனிதரைப் பற்றிச் சொல்லவேண்டும். முழுமையாக எரியாத புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் சிவப்புப் பொருளோடு அது பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேற்பட்ட வலிமையுடன் ஒட்டிக்கொள்ளும். மூச்சு நடந்துகொண்டிருக்கும், உடலுக்குப் பிராணவாயு மட்டும் கிட்டாது. பெட்ரோல், மண்ணெண்ணெய் எஞ்சின்களில் இவ்வாயு அதிகம், டீசலில் குறைவு. ஆயினும் அடைபட்டுக் கரும்புகை கக்கும் டீசல் எஞ்சினிலிருந்து மூடிய அறைக்குள் புகை கசிந்தால் அந்தக் குறைவே போதுமானது.

இரவு முழுவதும் வலை இழுத்துக் களைத்தவர்கள், மழைக்கும் குளிருக்கும் அஞ்சி எஞ்சின் அறையை அடுத்த கூண்டில் கதவை மூடிக்கொண்டு உறங்குவது வழக்கம். கசியும் புகைப்பாதை உள்ள படகில் அந்த உறக்கத்திலிருந்து எழாமலே போய்விடக்கூடும். தலைவலி, மயக்கம், குமட்டல், கால் தளர்ச்சி ஆகியவை ஒரே சமயத்தில் பலருக்கு ஏற்பட்டால், அதனைக் கடல் மயக்கம் என்று தள்ளிவிடலாகாது. உடனே எஞ்சினை நிறுத்தி, எல்லோரையும் மேல்தளத்துக்குக் கொண்டுவர வேண்டும். மயங்கியவரைத் தூய காற்றில் கிடத்தி, மூச்சு நின்றிருந்தால் செயற்கைச் சுவாசம் அளித்து, விரைவில் பிராணவாயு கொடுக்கும் மருத்துவமனைக்குச் சேர்க்கவேண்டும். கரையில் 108 என்ற எண்ணிலும், கடலில் ஆபத்து நேர்ந்தால் கடலோரக் காவல் படையின் 1554 என்ற எண்ணிலும் உதவி கோரலாம்.

விவசாயிகளும் இதனை ஊன்றிக் கவனிக்கவேண்டும். நீர்மட்டம் இறங்கும் கோடையில் ஆயில் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுவது சில ஊர்களில் உண்டு. கிணற்றில் காற்றோட்டமில்லை, புகை அங்கேயே தங்கும். எஞ்சினைப் பார்க்க இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் விழுந்து, ஒரே குடும்பத்தில் பலர் மாண்ட செய்திகளை நாம் படித்திருக்கிறோம். எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்காதிருப்பதே சிறந்தது. கசிவற்ற குழாய் தரைக்கு மேல் வந்திருந்தாலும், எஞ்சின் ஓடும்போதும் நின்ற சிறிது நேரத்திலும் யாரும் கிணற்றில் இறங்கலாகாது. மயங்கியவரை மீட்கக் கயிறும் வெளிக்காற்றும் இன்றி இறங்குவது மற்றோர் உயிரைக் கொடுப்பதாகும்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

இவை தனிமனிதரால் மட்டும் ஆகக்கூடியவை அல்ல. மே மாதம் முதல் நாள் கிராமசபை கூடும் நாள். அது தடைக்காலத்தின் நடுவே வருகிறது. கடலோரப் பஞ்சாயத்துகள் அன்றே இதனைப் பேசி முடிவு செய்யலாம். அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரை அழைத்து, ஓர் எஞ்சினைக் கழற்றிக் காட்டும் செயல்முறை விளக்கத்துக்கு ஒருநாள் ஒதுக்கலாம். ஏட்டில் படிப்பதைவிட, துளைபட்ட ஓர் எல்போவைக் கையில் வாங்கிப் பார்ப்பது நன்றாக மனத்தில் பதியும். சுரண்டி, பில்லர் கேஜ், இரும்புச் சட்டம் முதலியவற்றைக் கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் பொதுவில் வாங்கி வைக்கலாம்.

கழுவிய சோடா நீரும் கரியும் கழிவு எண்ணெயும் கடற்கரை மணலிலோ குடிநீர்க் கிணற்றின் அருகிலோ கொட்டப்படாதபடி, சிமெண்டுத் தொட்டியோடு கூடிய பொது இடம் ஒன்றை ஒதுக்குவதும் பஞ்சாயத்தின் கடமை. இன்று மணலில் ஊற்றும் எண்ணெய் நாளை நம் குடத்திலேயே வந்து சேரும்.

ஒவ்வொரு படகிலும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். எந்த நாளில் எதைக் கழற்றினோம், எதை மாற்றினோம், புகை என்ன நிறத்தில் இருந்தது என்று அதில் குறித்து வைத்தால், அடுத்த ஆண்டு வேலை பாதி முடிந்ததற்குச் சமமாகும்.

புகைப்பாதையைத் துப்புரவு செய்ய இரண்டு மூன்று நாள் உழைப்பும் சில கேஸ்கெட்டுகளின் விலையுமே செலவாகும். அதனால் மிஞ்சுவது டீசல் மட்டுமன்று. கடலுக்குப் போனவர் குறித்த நேரத்தில் கரை திரும்புவார் என்ற நம்பிக்கையும் வீட்டிலுள்ளோருக்குக் கிட்டும். வரும் தடைக்காலத்தில் வலையைப் பழுதுபார்க்க அமரும்போது, எஞ்சினின் புகைப்பாதையையும் ஒருமுறை திறந்து பார்ப்போமாக.